மஞ்சள் கவரில் போட்ட ஸ்தோத்திரம்

எங்கள் கோயில் வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழையும் இடத்தில், ஒரு மரத்தட்டு இருக்கிறது. கோயில் என்று நான் சொல்வது கிறிஸ்தவ தேவாலயத்தை. எங்கள் பக்கத்தில் நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். அந்தத் தட்டில் இரண்டு அடுக்காகக் கவர்கள் இருக்கும். வெள்ளைக் கவர் விண்ணப்பத்துக்கு, மஞ்சள் கவர் ஸ்தோத்திரத்துக்கு. மகனுக்கு வேலை வேண்டும், மகளுக்குக் கல்யாணம் கூடி வர வேண்டும், மூட்டுவலி போக வேண்டும் என்றால், ஒரு துண்டுத் தாளில் பேரையும் காரியத்தையும் எழுதிக் காணிக்கையோடு வெள்ளைக் கவரில் போட வேண்டும். வேலை கிடைத்துவிட்டது, கல்யாணம் நடந்துவிட்டது, மூட்டு ஏதோ பரவாயில்லை என்றால் மஞ்சள். தாளில் யாரும் கதை எழுதுவதில்லை. பேர், காரியம், அவ்வளவுதான். கேட்கிறோமா, நன்றி சொல்கிறோமா என்பதைக் கவரின் நிறமே சொல்லிவிடும்.

ஆராதனையில் இரண்டுக்கும் நடக்கிற மரியாதையும் வேறு வேறு. வெள்ளைக் கவர்ப் பேர்களை, குருவானவருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் தணிந்த குரலில் வாசிப்பார். எங்கள் குருவானவரை நாங்கள் ஐயர் என்போம். அவர் ஜெபிப்பார், சபை முழங்காலில் நின்று ஆமென் சொல்லும். பாட்டு கிடையாது. மஞ்சள் கவர் என்றால் சபை முழுவதும் எழுந்து நிற்கும், பாடகர் குழு ஸ்தோத்திர சங்கீதத்தை எடுத்துக் கொடுக்கும். குழிக்குள் கிடந்த ஒருவன், தன்னைத் தூக்கி நிறுத்திய ஆண்டவரைப் புகழ்கிற சங்கீதம் அது. எங்கள் சபையில் யாரோ ஒருவர் எந்தக் காலத்திலோ போட்ட மெட்டு. வேறு எந்தக் கோயிலிலும் அந்த மெட்டைக் கேட்க முடியாது.

அந்தக் குழுவில் நான் ஆல்ட்டோ, பெண்களில் தணிந்த குரல். என் வீட்டுக்காரர் பேஸ், ஆண்களில் அடிக்குரல். எனக்குப் பின் வரிசையில் நிற்பார். அவர் அடி ஸ்வரத்தில் இறங்கினால் நான் கை வைத்திருக்கும் பெஞ்சின் பலகை அதிரும். கல்யாணமான புதிதில் அந்தக் குரலுக்குத்தான் மயங்கினேன் என்று சொன்னால் மனுஷனுக்குத் தலைக்கனம் வந்துவிடும், அதனால் இதுவரை சொன்னதில்லை. அவருக்கு விசைப்படகு எஞ்சின்களுக்கான உதிரி சாமான் கடை. ஓடுகிற எஞ்சினுக்கு மேலே கத்திக் கத்தி, வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டாலும் தெருமுனைக்குக் கேட்கும்.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீடு வீடாகப் பாடிக்கொண்டு கீத பவனி போய்விட்டு வந்ததும் அந்தக் குரல் கம்மியது. பனி என்றார். பொங்கல் வந்தது, அப்போதும் கம்மல். உப்பளக் காற்று என்றார். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்கள் வந்தன. குருத்தோலை ஞாயிறன்று அவருடைய அடி ஸ்வரம் வர வேண்டிய இடத்தில் வெறும் காற்று வந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கே டாக்டருட்ட போறோம்" என்றேன்.

"ஏளா, இதுக்கெல்லாமா டாக்டரு? ரெண்டு மொளகைக் கடிச்சா சரியாப் போவும்."

"மொளகு தின்னே ஒரு மூடை காலியாச்சு. பேசாம வாங்க."

டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் திரையில் காட்டினார். குரல்நாணின் ஓரத்தில் மொட்டுப் போல ஒரு சின்னக் கட்டி. அதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். கெட்ட கட்டியாக இருந்தால் என்ன செய்வது என்று நான்தான் கேட்டேன். ஆழமாகப் போயிருந்தால் குரல்வளையையே எடுக்க வேண்டி வரலாம், ஆனால் உயிருக்கு வழி இருக்கிறது, பயப்படாதீர்கள் என்றார்.

"உயிரு இருக்கும், சத்தம் இருக்காது. அப்படித்தான டாக்டர்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. முதலில் ரிசல்ட் வரட்டும் என்றார்.

கட்டியை எடுத்துவிட்டு அனுப்பும்போது, மறுபடி பார்க்கும்வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கக்கூட கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நான் கேலி செய்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்ட வரத்தை ஆண்டவர் இப்போதுதான் கொடுத்திருக்கிறார் என்றேன். அவர் கையைக் கூப்பிக் கும்பிட்டார். முதல் நாள் எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. மறுநாள் சாயங்காலம் அடுக்களையில் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன். அவர் கடையிலிருந்து வந்து, வண்டியை நிறுத்தி, முன்னறையில் உட்கார்ந்து, டிவியும் பார்த்திருக்கிறார். எனக்குத் தெரியவே இல்லை. தட்டோடு வந்தவள் அவரைக் கண்டு திடுக்கிட்டுப் போனேன். இப்படியே இனிக் காலமெல்லாம் இருந்துவிட்டால்? அடுக்களைக்குத் திரும்பிப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு அழுதேன். வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கு நாங்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ஈஸ்டர் கழிந்த அடுத்த சனிக்கிழமை ஒரு துண்டுத் தாளில் அவர் பேரையும், "தொண்டைக் கட்டி" என்றும் எழுதி, காணிக்கையை அதற்குள் மடித்துக் கொடுத்தேன். பாட முடியாவிட்டாலும் குழுவின் பயிற்சிக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். "போகும்போது வெள்ளைக் கவர்ல போட்டு உபதேசியாருட்ட குடுத்துருங்க" என்றேன். தலையாட்டிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கவர்கள் வாசிக்கப்பட்டபோது நான் முழங்காலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவர் பேர் வரவில்லை. உபதேசியார் வெள்ளைக் கவர்களை வைத்துவிட்டு மஞ்சள் கவர்களை எடுத்தார். சரி, விட்டுப் போயிருக்கும், முடிந்த பிறகு கேட்போம் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது கணீரென்று வாசித்தார். "தொண்டைக் கட்டியிலிருந்து பூரண சுகம் தந்த தேவனுக்கு, நமது பாடகர் குழுச் சகோதரர் குடும்பத்தார் ஸ்தோத்திரம் செலுத்துகிறார்கள்." பேரையும் சொன்னார்.

சபை திபுதிபுவென்று எழுந்தது. மேல் ஸ்தாயி பாடும் சோப்ரானோ வரிசையில் என் சிநேகிதி கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆர்கன் ஆரம்பித்துவிட்டது. வாயைத் திறக்கிறேன், நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எதற்குப் பாடுவது? ரிசல்ட்டே வரவில்லை. வராத சுகத்துக்கு ஒரு சபையே எழுந்து நின்று நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆண்டவர் மேலேயிருந்து என்ன நினைப்பார்? ஆல்ட்டோ இல்லாமலே முதல் சரணம் போய்விட்டது.

இரண்டாம் சரணத்தில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. கரகரவென்று, பாதி காற்றும் பாதி குரலுமாக. பெஞ்சு அதிரவில்லை. ஆனால் அந்த அடி ஸ்வரம் எனக்குத் தெரியாதா? பாடுகிறார்! ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று டாக்டர் தலைப்பாடாக அடித்துக்கொண்டு சொல்லி அனுப்பிய மனுஷன், நிமிர்ந்து நின்று பாடிக்கொண்டிருக்கிறார். திரும்பி முறைத்தேன். கண்ணை மூடியிருந்தார். கடைசி வரி வரை பாடினார்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் பிடித்துக்கொண்டார்கள். கை குலுக்குகிறவர்கள் ஒரு பக்கம், கட்டிப் பிடிக்கிறவர்கள் ஒரு பக்கம். "ரொம்பச் சந்தோஷம்ளா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே" என்று சிநேகிதி கோபித்துக்கொண்டாள். எப்போது விருந்து என்று கேட்டார் ஒருவர். அவர்களிடம் என்னவென்று சொல்லுவேன்? தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். உபதேசியாரை ஒரு தூணுக்குப் பின்னால் பிடித்தேன்.

"ஐயா, நாங்க ஜெபத்துக்குல்லா குடுத்தோம்? நீங்க எப்படி ஸ்தோத்திரம்னு வாசிச்சிய?"

"மஞ்சக் கவர்லதானம்மா இருந்துச்சு. உங்க வீட்டுக்காரரு கையாலதான் தந்தாவ" என்றார் அவர். பாவம், மிரண்டுபோய்விட்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வண்டியின் பின்னாலிருந்து கத்திக்கொண்டே வந்தேன். பதில் சொல்ல முடியாத ஆளிடம் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டில் இறங்கியதும் கையை விரித்துக் காட்டினார். வெள்ளைக் கவர் தீர்ந்துவிட்டதாம். அதனால் கைக்குக் கிடைத்த மஞ்சளில் போட்டாராம். கவர் எந்த நிறமாக இருந்தால் என்ன என்பது போல உதட்டைப் பிதுக்கினார்.

"அடப்பாவி மனுஷா! கலர்ல என்ன இருக்குன்னா கேக்கிய? எல்லாம் கலர்லதான் இருக்கு!"

எனக்கு ஏன் இப்படிப் பற்றிக்கொண்டு வந்தது என்றால், என் பிழைப்பு அப்படி. துறைமுகத்தில் கப்பலுக்கு ஏறும் சரக்குக்கு ஆவணம் தயாரிக்கிற அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சரக்கு நல்ல நிலையில் கப்பலில் ஏறியது என்று ஒரு தாள் கொடுப்போம். அந்தத் தாளை நம்பித்தான் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவன் பணம் அனுப்புகிறான். சரக்கு இன்னும் கொட்டகையில் கிடக்கும்போது, கப்பலில் ஏறிவிட்டது என்று எழுதித் தரச் சொல்லி எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள். ஒரு தடவையும் மசிந்ததில்லை. அது பொய், அது குற்றம். அப்படிப்பட்ட என் குடும்பத்தின் பேரில், ஏறாத சரக்கு ஏறியதாக, அதுவும் ஆண்டவர் சந்நிதியில் வாசித்தாகிவிட்டது.

அன்று சாயங்காலமே ஐயரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. "அடுத்த ஞாயிறு திருத்தி வாசிச்சுருவோமாம்மா?" என்றார். போன வாரம் சொன்ன ஸ்தோத்திரம் ரத்து என்று உபதேசியார் கணீரென்று வாசிப்பதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் ஐயா, ரிசல்ட் வரட்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் என் முகத்தைப் பார்த்து மேனேஜர் அண்ணாச்சி என்ன விஷயம் என்று விசாரித்தார். திருச்செந்தூர்க்காரர், மாதம் தவறாமல் முருகனைப் பார்த்துவிட்டு வருகிறவர். நடந்ததைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னம்மா இது? நாங்களும் முன்னாலயே நேந்துக்கிடுவோம். ஆனா மொட்டை போடுறது காரியம் ஆன பொறவுதான? உங்க வீட்டுக்காரரு மொட்டையப் போட்டுட்டுல்லா வந்து நிக்காரு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரத்தில் சிரித்தது அப்போது மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் பயந்துகொண்டுதான் இருந்தேன். நன்றியை முன்கூட்டியே வாங்கிக்கொண்ட ஆண்டவர், இனி எதற்குச் சுகம் தர வேண்டும் என்று இருந்துவிட்டால்? மூளை இல்லாத பயம்தான். ஆனால் பயத்துக்கு மூளை எதற்கு?

காலையில் சங்கீதம் வாசிக்கிற வழக்கம் எனக்கு உண்டு. அந்த வாரம் அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. பாடுகிறவன் மேல்பாதியில் மாய்ந்து மாய்ந்து அழுகிறான். எலும்பு நோகிறது, எதிரி சிரிக்கிறான், எத்தனை காலம் என் பக்கம் திரும்பாமல் இருப்பீர் என்று சண்டை பிடிக்கிறான். கீழ்ப்பாதிக்கு வந்தால் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது போல நன்றி சொல்லிப் பாடுகிறான். நடுவில் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. ரிசல்ட் எதுவும் வந்த மாதிரி தெரியவில்லை. இத்தனை வருஷமாக வாசித்திருக்கிறேன், பாடியிருக்கிறேன், இது என் கண்ணில் பட்டதே இல்லை. இவனும் வெள்ளைக் கவரில் போட வேண்டியதை மஞ்சளில் போடுகிற ஆள்தான் போலிருக்கிறது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, உங்கள் கூட்டாளி என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியாமல் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். அவர் கை சில்லென்று இருந்தது. என் கை அதைவிடச் சில்லென்று இருந்தது. உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் தாளைப் பார்த்தார், பிறகு அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், பிறகு மறுபடியும் தாளைப் பார்த்தார். எனக்கு டாக்டரின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

"கேன்சர் இல்ல" என்றார். "கத்திக் கத்தி வந்த கட்டி. மொத்தமா எடுத்தாச்சு. இன்னும் கொஞ்ச நாள் ஜாக்கிரதையா இருந்தா குரல் பழையபடி வந்துரும்."

அப்பாடா! ஐயோ, என் ஆண்டவரே! சத்தமாகச் சொன்னேனா, மனதுக்குள் சொன்னேனா தெரியவில்லை. நர்ஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தால் சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். இத்தனை நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது எனக்கு நன்றாகத் தெரிந்தது. உடனே பசித்தது. அவ்வளவு பசி.

"நடுவுல பேசுனீங்களா?" என்று டாக்டர் அவரிடம் கேட்டார். இல்லை என்று அவர் தலையாட்டினார். பொய் இல்லை. பேசவில்லை, பாடினார், அவ்வளவுதானே? நானும் காட்டிக் கொடுக்கவில்லை. இனி மெதுவாக ஒன்றிரண்டு வார்த்தை பேசலாம், பாட்டு மட்டும் இப்போதைக்குக் கூடவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

வெளியே வந்ததும் கடையில் புகுந்து ஆளுக்கொரு தட்டு நிறைய புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டோம். பிறகு அவர் வண்டியைக் கடற்கரைப் பக்கம் விட்டார். வெயில் தாழ்ந்திருந்தது. தூரத்தில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக்கொண்டிருந்த கப்பல்கள் நின்றன. கட்டைச் சுவரில் உட்கார்ந்தோம். பிள்ளைகள் இருவருக்கும் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லி, ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"சனிக்கிழம மஞ்சக் கவர் போடணும்" என்றேன். "இந்தத் தடவ நானே போடுதேன். ஒங்கள நம்ப முடியாது."

"அதான் போட்டாச்சே" என்றார். இத்தனை நாளுக்குப் பிறகு நான் கேட்ட முதல் வார்த்தை. குரல் கரகரத்தது, ஆனால் இருந்தது.

"அது தப்பாப் போட்டதுல்லா?"

அவர் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"தப்பில்லளா. வெள்ளக் கவரு தட்டு நெறைய இருந்துச்சு."

போனைப் பைக்குள் வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"வெள்ளைக்குப் பாட்டு கிடையாதுல்லா. தொண்டைய எடுத்துட்டாம்னு வையி. அதுக்குப் பொறவு சொகமாயி, நீ மஞ்சக் கவர் போடுவ. சபையெல்லாம் எந்திச்சுப் பாடும். நான் என்னத்த வச்சுப் பாட? கையத் தட்டவா? அதான் சத்தம் இருக்கையிலயே ஒரு தடவ பாடிருவோம்னு போட்டேன்." மூச்சு வாங்கியது. "அந்தப் பாட்டுலயே அவன் கேக்காம்லா, குழிக்குள்ள போனவன் ஒமக்கு எப்படிப் பாடுவாம்னு."

நான் ஒரு வாரம் அந்த மனுஷனைப் பேசிய பேச்சு என்ன, வைத வசவு என்ன. எல்லாவற்றையும் வாயை மூடிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். பக்கத்தில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தவர், குடும்பச் சண்டை என்று நினைத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு நகர்ந்துவிட்டார். என் அலுவலகத்தில் யாராவது முன்கூட்டியே கையெழுத்துப் போட்டால் நான் குற்றம் என்பேன். கையே போய்விடுமோ என்று பயந்த ஒருவர், கை இருக்கும்போதே போட்டுவைத்த கையெழுத்தை என்னவென்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா?" என்றேன்.

"பேசக்கூடாதுன்னுட்டாங்களே" என்றார். கண்ணீரோடு எனக்குச் சிரிப்பும் வந்து, விக்கல் எடுத்துக்கொண்டது.

சனிக்கிழமை நானே போய் மஞ்சள் கவர் எடுத்தேன். பக்கத்தில் வெள்ளைக் கவர்கள் கட்டுக் குலையாமல் இருந்தன. அதே பேர், அதே காரியம். உபதேசியார் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மா, இது போன வாரமே வாசிச்சாச்சே?" என்றார். மறுபடியும் வாசியுங்கள் ஐயா, போன வாரம் நான் பாடவில்லை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வாசித்ததும் சபை கொஞ்சம் குழம்பிப்போய்த்தான் எழுந்தது. ஆர்கன் எடுத்தது. முதல் வரியிலிருந்தே பாடினேன். என் வரிசைக்காரிகள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பாடினேன். தூக்கி நிறுத்தினீரே என்கிற இடம் வந்தபோது, குரல் உடைந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். இரண்டாம் சரணம் ஆரம்பித்ததும் என் முதுகுக்குப் பின்னால் லேசாக, மிக லேசாக, ஒரு ரீங்காரம் கேட்டது. திரும்பினேன். உதட்டை இறுக மூடிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போலக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாய மூடுங்க" என்றேன், பாட்டுக்கு நடுவிலேயே. "ஒங்களுக்கும் சேத்து நான்தான் பாடுதேன்லா."